பிள்ளைமார் வீடு எங்கே?

திருவனந்தபுரத்தில் எட்டுவீட்டில் பிள்ளைமாரின் பழைய வீடு எதையாவது பார்க்க முடியுமா? – வாசகி, தக்கலை

மன்னர் மார்த்தாண்ட வர்மா விட்டு வைத்திருந்தால்தானே அம்மா! தன்னை எதிர்த்த அந்தக் குடும்பத் தலைவர்களைத் தூக்கிலிட்டு, வீடுகளைத் தரைமட்டமாக்கி, மனையில் குளமும் தோண்டச் செய்தார் என்பது திருவிதாங்கூரில் வழிவழியாகச் சொல்லப்படும் வரலாறு. மறுபடி யாரும் அங்கே கடைக்கால் போட முடியாதே, கெட்டிக்காரக் கோபம்! இடித்தவரின் அரண்மனையோ உங்கள் பக்கத்துப் பத்மநாபபுரத்தில் அப்படியே நிற்கிறது.

பிள்ளைமாரின் ஊர்ப் பெயர்களை மட்டும் அவரால் அழிக்க முடியவில்லை: கழக்கூட்டம், செம்பழந்தி, குளத்தூர், பள்ளிச்சல், வெங்கானூர். போவதென்றால் செம்பழந்திக்குப் போங்கள். நாராயண குரு பிறந்த ஓலைக்கூரை வீட்டையும் பார்க்கலாம். அதற்குமுன் சி.வி. ராமன் பிள்ளையின் ‘மார்த்தாண்டவர்மா’ (1891) நாவலைப் படித்துவிடுங்கள்.