அழித்த கோப்பு எங்கே போகிறது?

கணிப்பொறியில் ஒரு கோப்பை அழித்துவிட்டால் அது அக்கணமே இல்லாமற் போய்விடுகிறது என்றே நம்மில் பலர் எண்ணுகிறோம். உண்மை அதுவன்று. கும்மிடிப்பூண்டி ஆலைகளின் சம்பளக் கணக்கும், திருவள்ளூர்க் கடைகளின் வரவு செலவும், நம் வீட்டுத் திருமணப் படங்களும் இன்று கணிப்பொறியிலும் பென் டிரைவிலும் இருப்பதால், இதைச் சற்று அறிந்துகொள்வோம்.

மாணவியர் விடுதி ஒன்றை நினைத்துக்கொள்வோம். யாருக்கு எந்த அறை என்று வாசற் பலகையில் எழுதியிருக்கிறது. ஒருத்தியின் பெயரைப் பலகையிலிருந்து துடைத்தாலும் அவளுடைய டிரங்குப் பெட்டி அறையிலேதான் கிடக்கும். அவ்வறையைப் புதிதாக வருபவளுக்குக் கொடுக்கும்போதுதான் பெட்டி வெளியேறும். பென் டிரைவிலும் இதே கதைதான். ஃபேட் என்னும் முறையில், அழித்த கோப்பின் பெயரில் முதல் எழுத்துக்குப் பதிலாக ஒரு குறி இடப்படுகிறது. அது இருந்த இடம் காலி என்று குறிக்கப்படுகிறது. உள்ளேயிருக்கும் படத்தையோ கணக்கையோ யாரும் தொடுவதில்லை.

ஆகவே, தவறுதலாக அழித்துவிட்டால் முதலில் கையைக் கட்டிக்கொண்டு சும்மா இருக்க வேண்டும். அதில் புதிதாக எதையும் எழுதக் கூடாது. மீட்கும் மென்பொருளையே அதே தட்டில் நிறுவி, இருந்ததையும் மூடிவிடுகிறவர்கள் உண்டு! வேறொரு கணிப்பொறியில் ஃபோட்டோரெக் போன்ற இலவச மென்பொருளை வைத்துத் தேடலாம். ஜேபெக் படங்கள் யாவும் ஒரே அடையாளத்துடன் தொடங்குவதால், பெயர் போயிருந்தாலும் படம் அகப்படும். எஸ்.எஸ்.டி. வகையில் இந்த நம்பிக்கை குறைவு. அங்கே ட்ரிம் என்னும் கட்டளை காலி இடங்களைத் தெரிவித்துவிட, சேமிப்பான் தானே அவற்றைத் துடைத்துவிடுகிறது.

2015 டிசம்பர் வெள்ளத்தையும் 2023 மிக்ஜாம் புயலையும் கண்டது நம் மாவட்டம். நீரில் நனைந்த ஹார்ட் டிஸ்கை வெயிலில் காயவைத்து மின்சாரம் கொடுத்துப் பார்ப்பது பெருந்தவறு. சுழலும் தட்டுக்கும் அதைப் படிக்கும் முனைக்கும் உள்ள இடைவெளி ஒரு தலைமயிரின் பருமனைவிட மிகமிகக் குறைவு. காய்ந்த சேற்றின் ஒரு துகள் போதும், தட்டு கீறிவிடும். ஈரம் காயாமல் பிளாஸ்டிக் உறையில் இட்டு மூடி, மீட்பு நிலையத்திடம் ஒப்படைப்பதே சரி.

நீரைவிடக் கொடிய நெருப்பில் விழுந்த தட்டும் ஒன்று உண்டு. 2003 பிப்ரவரி 1 அன்று கொலம்பியா விண்ணோடம் சிதறியது. கர்னாலில் பிறந்த கல்பனா சாவ்லா உள்ளிட்ட எழுவரும் உயிர் நீத்தனர். செனான் வாயுவைப் பற்றிய ஆய்வுக் குறிப்புகள் இருந்த ஹார்ட் டிஸ்க் ஒன்று, ஏறத்தாழ ஆறு மாதங்களுக்குப் பின் வறண்ட ஏரிப்படுகையில் கருகிக் கிடந்தது. அமெரிக்காவின் மின்னசோட்டாவில் கிரோல் ஆன்டிராக் நிறுவனத்தார் தட்டுகளைத் துடைத்து வேறோர் உடலில் பொருத்தினர். சுமார் 99 விழுக்காடு திரும்பக் கிடைத்தது! தட்டில் பாதியளவே எழுதப்பட்டிருந்தது. டாஸ் என்னும் பழைய இயங்குமுறை விவரங்களைச் சிதறவிடாமல் ஒரே பக்கமாக அடுக்கியிருந்தது. கீறல்கள் விழுந்ததோ எழுதாத பகுதியில். அதே விண்ணோடத்தின் வேறு இரண்டு தட்டுகளிலிருந்து எதையும் எடுக்க முடியவில்லை.

கலக்கினால் செனான் இளகிவிடுகிறது என்ற அந்த ஆய்வின் முடிவு, 2008-இல் பிசிக்கல் ரெவ்யூ இதழில் வெளிவந்தது.