பழைய கரிஸ்மாவில் தொலைதூரப் பயணமா?

2003-ல் அறிமுகமான ஹீரோ ஹோண்டா கரிஸ்மா, நன்றாகப் பராமரித்தால் இன்றும் நெடுஞ்சாலைக்கு ஏற்ற வண்டிதான். கிளம்பும் முன் இவற்றைக் கவனியுங்கள்.

● டயரில் பட்டன் இருந்தால் மட்டும் போதாது. பக்கவாட்டில் உள்ள நான்கு இலக்கங்களைப் பாருங்கள். '1219' என்றால் 2019-ன் 12-வது வாரத் தயாரிப்பு. ரப்பரில் வெடிப்பு தெரிந்தால் உடனே மாற்றுங்கள்.

● முன் ஃபோர்க் குழாயை வெள்ளைத் துணியால் துடையுங்கள். வண்டியை அழுத்தி அழுத்தி விட்டபின் வளையமாக எண்ணெய் கசிந்தால், ஆயில் சீல் போய்விட்டது. அந்த எண்ணெய் டிஸ்க்கில் பட்டால் பிரேக் பிடிக்காது.

● பிரேக் ஆயில் ஈரத்தை உறிஞ்சும். இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை மாற்றுங்கள்.

● பேட்டரி, இன்ஜின் அணைந்திருக்கும்போது 12.6 வோல்ட்டும், ஓடும்போது 14 வோல்ட் அளவிலும் காட்ட வேண்டும். ஓடும்போதும் ஏறாவிட்டால் பேட்டரியை மாற்றும் முன் ரெக்டிஃபயரைச் சோதியுங்கள்.

● மாதக்கணக்கில் நிறுத்துவதாக இருந்தால், கார்புரேட்டரில் தேங்கிய பெட்ரோலை வடித்துவிடுங்கள், ஜெட் அடைக்காது.

● அதிக வாட் ஹெட்லைட் பல்ப் போடும்போது கட்டாயம் ரிலே வையுங்கள். இல்லாவிட்டால் சுவிட்ச் உருகிவிடும்.