விரைப் புற்றுநோய்: அறுவை சிகிச்சைக்குப் பிறகு ஏன் தொடர்ந்து பரிசோதனை?

விரையில் (விதையில்) தோன்றிய புற்றுநோய் மற்ற இடங்களுக்குப் பரவாமல் இருந்தால், அது முதல் நிலைப் புற்றுநோய் எனப்படும். பாதிக்கப்பட்ட விரையை அகற்றுவதே இதற்கான முதல் சிகிச்சை. இந்த நிலையில் கண்டறியப்பட்டவர்களில் ஏறக்குறைய அனைவரும் குணமடைகிறார்கள்.

"கட்டியை எடுத்துவிட்டார்கள், நான் நன்றாகத்தான் இருக்கிறேன். இன்னும் எதற்கு மருத்துவமனை?" என்று உங்களுக்குத் தோன்றலாம். அதற்கான பதில் இங்கே.

நோய் எப்படித் திரும்புகிறது?

அறுவை சிகிச்சைக்கு முன்பே சில புற்றுநோய் உயிரணுக்கள் விரையிலிருந்து வெளியேறியிருக்கலாம். அவை மிகச் சிறியவை என்பதால் ஸ்கேனில் தெரியாது. நாளடைவில் அவை வயிற்றின் பின்புறம் உள்ள நிணநீர் முடிச்சுகளில் வளரலாம். சிலருக்கு நுரையீரலில் வளரலாம்.

அபாயம் எவ்வளவு?

அறுவை சிகிச்சைக்குப் பிறகு வேறு சிகிச்சை பெறாதவர்களில்:

• செமினோமா வகை: 100 பேரில் சுமார் 15 முதல் 20 பேருக்கு நோய் திரும்பலாம். கட்டி பெரிதாக இருந்திருந்தால் அபாயம் கூடும்.

• செமினோமா அல்லாத வகை: 100 பேரில் சுமார் 25 முதல் 30 பேருக்குத் திரும்பலாம். கட்டி இரத்த நாளங்களிலோ நிணநீர் நாளங்களிலோ நுழைந்திருந்தால், இது ஏறக்குறைய 50 பேராக உயரும்.

உங்களுக்கு வந்தது எந்த வகை என்பதை மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

இரண்டு வழிகள்

1. தீவிரக் கண்காணிப்பு: மருந்து இல்லை. குறித்த நாள்களில் பரிசோதனை மட்டும். தேவையற்ற சிகிச்சையின் பக்கவிளைவுகளைத் தவிர்க்கலாம்.

2. தடுப்புக் கீமோதெரபி: குறுகிய காலச் சிகிச்சை. நோய் திரும்பும் வாய்ப்பைப் பெரிதும் குறைக்கும். ஆனால் பக்கவிளைவுகள் உண்டு. பிறகும் பரிசோதனைகள் தொடரும்.

எந்த வழியிலும் உயிர் பிழைக்கும் வாய்ப்பு ஏறக்குறைய ஒன்றுதான். கண்காணிப்பைத் தேர்ந்தெடுத்தால், பரிசோதனைக்கு வருவதே உங்கள் சிகிச்சை. வராமல் இருந்தால், சிகிச்சையைக் கைவிட்டது போலாகும்.

என்னென்ன பரிசோதனைகள்?

• மருத்துவர் உடலைப் பரிசோதிப்பார்.

• இரத்தத்தில் ஏஎஃப்பி, பீட்டா-எச்சிஜி, எல்டிஎச் ஆகியவற்றின் அளவு பார்க்கப்படும்.

• வயிற்றுப் பகுதிக்கு சிடி ஸ்கேன் எடுக்கப்படும். நெஞ்சுக்கு எக்ஸ்ரே அல்லது ஸ்கேன் தேவைப்படலாம்.

இரத்த முடிவு சரியாக இருந்தாலும் ஸ்கேனைத் தவிர்க்காதீர்கள். நோய் திரும்பியும் சிலருக்கு, குறிப்பாக செமினோமா உள்ளவர்களுக்கு, இரத்த அளவுகள் உயர்வதில்லை.

நோய் திரும்பினால், பெரும்பாலும் முதல் 2 அல்லது 3 ஆண்டுகளுக்குள் திரும்பும். அதனால் தொடக்கத்தில் பரிசோதனைகள் அடிக்கடி இருக்கும், பிறகு இடைவெளி கூடும். பொதுவாக 5 ஆண்டுகள் வரையாவது தொடர வேண்டும். சீக்கிரம் கண்டறிந்தால், திரும்பிய நோயையும் பெரும்பாலும் முழுமையாகக் குணப்படுத்தலாம்.

தேதி ஒத்துவராவிட்டால்

தேசிய சேவைப் பயிற்சி, வெளிநாட்டு வேலை, தேர்வு ஆகியவை குறுக்கிட்டால் முன்கூட்டியே அழைத்து வேறு தேதி கேளுங்கள். ஏற்கெனவே தவறவிட்டிருந்தாலும் தயங்காமல் தொடர்புகொள்ளுங்கள்.

காத்திருக்காமல் மருத்துவரைப் பாருங்கள்

• மற்ற விரையில் கட்டி, வீக்கம் அல்லது கனம்

• நீங்காத முதுகுவலி அல்லது வயிற்றுவலி

• தொடர் இருமல், மூச்சுத்திணறல்

• கழுத்தில் கட்டி

• மார்பகத்தில் வீக்கம் அல்லது வலி

மாதம் ஒருமுறை, வெந்நீரில் குளித்த பிறகு, மற்ற விரையை விரல்களால் மெதுவாகத் தடவிப் பாருங்கள். அதிலும் புற்றுநோய் வர சிறிய வாய்ப்பு உண்டு.

குழந்தைப்பேறும் மனநிலையும்

ஒரு விரை நன்றாக இருந்தால், பெரும்பாலோருக்குத் தாம்பத்திய உறவிலும் குழந்தை பெறுவதிலும் தடையிருக்காது. கீமோதெரபி பெறுவதாக இருந்தால், விந்தணுக்களைச் சேமித்து வைப்பது பற்றி அதற்கு முன்பே கேளுங்கள்.

ஸ்கேன் நாள் நெருங்கும்போது பயம் வருவது இயல்பு. தாதியிடமோ குடும்பத்தாரிடமோ மனம் விட்டுப் பேசுங்கள். பயத்தால் பரிசோதனையை மட்டும் தள்ளிப்போடாதீர்கள்.

உங்கள் பரிசோதனை அட்டவணையை எழுத்தில் கேட்டுப் பெற்று, அடுத்த தேதியை இன்றே குறித்து வையுங்கள்.