குற்றக் கதையும் கற்றோர் நோக்கும்
(‘சுழல்’ தொடரை முன்வைத்து ஓர் ஆய்வு)

மூன்றாம் ஆண்டு, இளங்கலைத் தமிழ்

முன்னுரை

நாவல் படிப்பவரைப் பாராட்டும் உலகம், தொடர் பார்ப்பவரைக் கண்டிக்கிறது. அதிலும் கொலை, களவு, துப்பறிதல் பற்றிய தொடர் என்றால், “படிக்கிற பிள்ளைக்கு இது எதற்கு?” என்று வீட்டார் கேட்பது இயல்பே. அக்கேள்விக்கு விடை காண முயல்வதே இக்கட்டுரையின் நோக்கம். சான்றாக நான் எடுத்துக்கொள்வது ‘சுழல்’ என்னும் தமிழ்த் தொடர். புஷ்கர்–காயத்ரி இணையர் எழுதி உருவாக்க, பிரம்மா, அனுசரண் ஆகியோர் இயக்கிய இதன் முதற்பாகம் எட்டு அத்தியாயங்களாக 2022 ஜூன் 17 அன்று அமேசான் பிரைம் தளத்தில் வெளிவந்தது.

கதைக்களம்

சாம்பலூர் என்பது கற்பனை ஊர். அங்கே ஒரு சிமெண்ட் ஆலை. அதில் ஒரு வேலைநிறுத்தம். ஓர் இரவில் ஆலை தீப்பற்றி எரிகிறது. அதே இரவில் தொழிற்சங்கத் தலைவர் சண்முகத்தின் இளைய மகள் நிலா காணாமற் போகிறாள். ஊரிலோ மயானக் கொள்ளைத் திருவிழா. உதவி ஆய்வாளர் சக்கரை துப்புத் துலக்கப் புறப்படுகிறார்.

தாழையூத்தில் 1949-இல் தொடங்கிய சிமெண்ட் ஆலையை அறிந்த நெல்லைச் சீமையினருக்கு, ஆலையை நம்பி வாழும் ஊர் புதிதன்று. தசராவில் ஆயிரத்தம்மன் முதலாகப் பல அம்மன் சப்பரங்கள் அணிவகுப்பதைக் கண்டு வளர்ந்த பாளையங்கோட்டையாருக்கு, தெய்வக் கோலத்தின் முன் மனம் நடுங்குவதும் புதிதன்று. சக்கரையாக நடித்த கதிர், 2018-இல் வெளிவந்த ‘பரியேறும் பெருமாள்’ படத்தில் நெல்லைச் சட்டக்கல்லூரி மாணவராக வந்தவரே. ஆகவே தொடர் நமக்கு அந்நியமாய்த் தோன்றுவதில்லை.

அச்சம் எங்கே பிறக்கிறது?

அச்சத்தை எட்டு மெய்ப்பாடுகளுள் ஒன்றாக வைத்த தொல்காப்பியர், அது பிறக்கும் இடங்களையும் நான்காக வகுத்தார். தெய்வம், கொடிய விலங்கு, கள்வர், தமக்கு மேலோர் என்பன அவை. வகுப்பில் இப்பகுதியைப் படித்தபோது, முதல் மூன்றும் எனக்கு உடனே விளங்கின. நான்காவது விளங்கவில்லை. நம்மைக் காக்க வேண்டியவரிடத்தும் அச்சம் பிறக்குமோ?

‘சுழல்’ இதற்கு உரை எழுதியது போல் அமைந்துள்ளது. முதலில் அங்காளம்மன் விழாவின் கோலங்கள் நம்மை அச்சுறுத்துகின்றன. பிறகு, தீ வைத்த கயவர் எவரோ என்று அஞ்சுகிறோம். கதை முதிர முதிர, தேடல் தெருவிலிருந்து வாசலுக்கும், வாசலிலிருந்து வீட்டின் உள்ளறைக்கும் நகர்கிறது. குற்றவாளி யார் என்பதை நான் இங்கே சொல்லப்போவதில்லை. எல்லாரும் நம்பிய ஒருவரிடமே ஒரு குழந்தை நெடுநாள் அஞ்சி வாழ்ந்திருக்கிறது என்பதை மட்டும் சொல்லலாம்.

இது கற்பனைக்காகச் சேர்த்த திருப்பமன்று. மத்திய அரசின் பெண்கள் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-இல் வெளியிட்ட ஆய்வில், வினவப்பட்ட குழந்தைகளுள் 53 விழுக்காட்டினர் ஏதோ ஒரு வகைப் பாலியல் துன்பத்துக்கு ஆளானதாகக் கூறினர். துன்புறுத்தியோரில் பாதிப்பேர் குழந்தைக்குத் தெரிந்தவர்கள். “அந்நியரோடு பேசாதே” என்று மட்டும் சொல்லி வளர்ப்பது போதாது என்பது இதனால் பெறப்படும்.

ஐயம் சான்றாகுமா?

தொடர் தரும் இரண்டாவது பாடம் நீதி பற்றியது. ஆலை எரிந்ததும், சங்கத் தலைவர்தான் எரித்திருப்பார் என்று பலரும் முடிவு கட்டிவிடுகின்றனர். பார்க்கும் நாமும் ஒவ்வோர் அத்தியாயத்திலும் ஒருவரைக் குற்றவாளியாக்கி, அடுத்ததில் அவரிடம் மனத்துக்குள் மன்னிப்புக் கேட்கிறோம். தொடரின் விறுவிறுப்பே அதன் பயிற்சியுமாகிறது.

சிலப்பதிகாரமும் இதைத்தானே சொல்கிறது? பொற்கொல்லன் சொல்லை ஆராயாது நம்பினான் பாண்டியன், கோவலன் மாண்டான். சிலம்பினுள்ளே இருந்தது முத்தன்று, மாணிக்கம் என்னும் பொருட்சான்று பின்னர்தான் அவைக்கு வந்தது. காவல் அதிகாரியிடம் அளித்த குற்ற ஒப்புதல் வாக்குமூலத்தைக் குற்றஞ்சாட்டப்பட்டவருக்கு எதிராக நிரூபிக்கலாகாது என்று 1872-ஆம் ஆண்டின் சாட்சியச் சட்டம் விதித்தது. அதன் இடத்தில் 2024 ஜூலை முதல் நடைமுறைக்கு வந்த புதிய சட்டமும் அவ்விதியைக் காத்துள்ளது.

குறைகள்

குறையே இல்லையெனச் சொல்வது திறனாய்வாகாது. தற்செயல் நிகழ்ச்சிகள் மிகுதி. சில காட்சிகள் இளஞ்சிறார்க்கு உரியனவல்ல. முதற்பாகத்தின் முடிவில் ஒருவர் சட்டத்தைத் தம் கையில் எடுக்கும்போது நம் நெஞ்சம் ஒருகணம் மகிழ்கிறது, அம்மகிழ்ச்சி ஆபத்தானது. ஆனால் 2025 பிப்ரவரியில் வந்த இரண்டாம் பாகம் அவரைச் சிறையில்தான் காட்டுகிறது. பழிவாங்கலுக்கு விலை உண்டு என்பதைத் தொடரே உணர்ந்திருக்கிறது. அப்பாகத்தின் கடலோரக் காளி விழாவைக் காண்போர்க்குக் குலசேகரன்பட்டினத் தசரா நினைவுக்கு வரும்.

முடிவுரை

நல்ல குற்றக் கதை குற்றம் செய்யக் கற்பிப்பதில்லை. உற்று நோக்கக் கற்பிக்கிறது. பேசாத குழந்தையின் மௌனத்துக்கும் பொருள் உண்டு என்று சொல்கிறது. பதினெட்டு வயது நிரம்பாதோர்க்கு இழைக்கப்படும் பாலியல் குற்றத்தை அறிந்தவர் எவராயினும் காவல் துறைக்குத் தெரிவிக்க வேண்டும் என்கிறது 2012-ஆம் ஆண்டின் போக்சோ சட்டம், மறைப்பதும் தண்டனைக்குரியதே. குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

நம்முள் பலர் நாளை ஆசிரியராவோம். பின்வரிசையில் தலைகுனிந்திருக்கும் ஒரு சிறுமியைக் கண்டு, “ஏனம்மா, என்ன ஆயிற்று?” என்று பரிவோடு கேட்க இத்தொடர் ஒருவரைத் தூண்டுமானால், அதைப் பார்த்த நேரம் வீண்போகவில்லை.