சிறு மின்சாரச் சைக்கிளும் அதனை மாற்றியமைத்தலும்

இலண்டன் மாநகரிலே பிராம்ப்டன் ஆரட்டரி என்னும் கத்தோலிக்க ஆலயம் ஒன்று உளது. அவ்வாலயத்தை நோக்கியிருந்த தம் இல்லத்தில் ஆண்ட்ரூ ரிச்சி என்னும் பொறிஞர் 1970-களின் நடுப்பகுதியில் மடக்குச் சைக்கிள் ஒன்றை வகுக்கத் தொடங்கினார். ஆலயத்தின் பெயரே வண்டிக்கும் வாய்த்தது. ஆலயப் பெயர் பூண்ட பள்ளிகள் பல கண்டுள்ளோம். சைக்கிள் இஃதொன்றே போலும். 16 அங்குலச் சக்கரங்களையுடைய இவ்வண்டியை மடக்கினால் கைப்பெட்டிபோல் எடுத்துக்கொண்டு இரயிலேறலாம். 2017 ஆம் ஆண்டில் இதற்கு மின்சார வகையும் அறிவிக்கப்பட்டது. முன்சக்கரத்தின் குடத்துள்ளே 250 வாட் மோட்டாரும், முன்புறத்துப் பையினுள் 300 வாட்-மணி பாட்டரியும் அதில் அமைந்தன. இவ்வகைச் சிறு வண்டியை உடையார் அதன்கண் எவற்றை மாற்றலாம், எவற்றைத் தொடலாகாது என்பதே நாம் இவண் ஆராயப் புகுந்தது.

முதற்கண் சக்கரத்தின் சிறுமையை நோக்குவோம். 16 அங்குலச் சக்கரம் ஒரு சுற்றில் சுமார் 1.3 மீட்டர் செல்லும். பெரிய சைக்கிளின் சக்கரமோ சுமார் 2.1 மீட்டர் செல்லும். மணிக்கு 25 கிலோமீட்டர் வேகத்தில், சிறு சக்கரம் நிமிஷத்திற்கு 320 முறையும் பெருஞ்சக்கரம் 200 முறையும் சுழலும். இதனால் விளையும் நன்மை சிறிதன்று. மோட்டார் விரைந்து சுழலுந்தோறும் அதனுள் எதிர் மின்னழுத்தம் தோன்றி, பாயும் மின்னோட்டத்தை அளவுட்படுத்துகிறது. மெல்லச் சுழலுங்காலோ மின்னோட்டம் மிகுந்து, கம்பிச்சுருளில் வெப்பமாய் வீணாகின்றது. மின்னோட்டம் இருமடங்காயின் அவ்வெப்பம் நான்மடங்காம். மேலும், ஆரம் குறைந்தமையால் ஒரே முறுக்குவிசை சிறு சக்கரத்தில் ஒன்றரை மடங்குக்கு மேற்பட்ட தள்ளுவிசையைத் தருகின்றது. ஆதலின் சிறு மோட்டாரே மேட்டில் ஏறப் போதும். குழியில் விழுந்தால் சிறு சக்கரம் பெருஞ்சக்கரத்தினும் மிகக் குலுங்கும் என்பதும் மெய்யே. அதற்கேற்ற டயரையும் இருக்கையையும் தேர்வதும், விளக்கு, கூடை, கைப்பிடி ஆகியவற்றைத் தம் விருப்பம்போல் அமைப்பதும் உடையவரின் உரிமை. அவற்றைப்பற்றி நாம் விரித்துரைக்க வேண்டுவதில்லை.

பாட்டரியின்கண் வந்தால் நிலைமை வேறு. 36 வோல்ட் பாட்டரியில் 10 லிதியம் மின்கல வரிசைகள் தொடராக இணைந்துள்ளன. நிறைந்த நிலையில் ஒவ்வொன்றும் 4.2 வோல்ட், ஆகவே மொத்தம் 42 வோல்ட். ஒவ்வொரு வரிசையின் அழுத்தத்தையும் காத்து, மிகினும் குறையினும் மின்னோட்டத்தைத் துண்டிக்கும் காவற்சுற்று ஒன்று உள்ளே உளது. அதிக வேகம் விரும்புவோர் சிலர் இதனை நீக்கி, 13 வரிசைகள் கொண்ட 48 வோல்ட் பாட்டரியைப் பொருத்துவர். அது நிறைந்திருக்கையில் 54.6 வோல்ட். வேகம் ஏறக்குறைய 1.3 மடங்காகும் என்பது உண்மையே. ஆயின் 42 வோல்ட்டிற்கென அமைந்த கட்டுப்பாட்டுப் பெட்டியின் உறுப்புக்கள் அவ்வழுத்தத்தைத் தாங்கும் என்பதற்கு உறுதியில்லை. பழைய கலங்களையும் புதியனவற்றையும் கலந்து வீட்டிலேயே பாட்டரி கட்டுவது இதனினும் கொடிது. நலிந்த கலம் பிறவற்றிற்கு முன்னரே நிறைந்து மிகையேற்றம் பெறும்; காவற்சுற்றும் இல்லையாயின் அது சூடேறி, தன் வெப்பத்தாலேயே மேலும் வெப்பமுற்று, உள்ளிருக்கும் எரியத்தக்க திரவத்தோடு தீப்பற்றும்.

மற்றொரு தந்திரமும் உண்டு. வண்டியின் வேகத்தைப் பொறியானது சக்கரச் சுழற்சியை எண்ணியே கணிக்கின்றது. பலவகை வண்டிகளில் சக்கரத்தின் சுற்றளவை உடையவரே பதியலாம். 1.3 மீட்டர் என்னுமிடத்து 0.9 என்று பதிந்தால், மெய்யாக 36 கிலோமீட்டர் வேகத்தில் ஓடுகையிலும் பொறி 25 என்றே கருதும். பிரித்தானியச் சட்டப்படி 250 வாட்டிற்கும் 25 கிலோமீட்டருக்கும் உட்பட்ட வண்டியே சைக்கிளாகும். மீறியது மோட்டார் வாகனமே. அதற்குப் பதிவும் காப்புறுதியும் உரிமமும் வேண்டும். சட்டம் ஒருபுறமிருக்க, 36இல் ஓடும் வண்டியின் இயக்கசக்தி 25இல் ஓடுவதினும் இருமடங்குக்கு மேற்பட்டதன்றோ? பிரேக்கு மட்டும் பழைய பிரேக்கே.

நாம் ஒருகால் மோட்டாரில்லாத மடக்குச் சைக்கிளில் மோட்டார்ச் சக்கரம் பொருத்திப் பார்த்தோம். மோட்டார் சக்கரத்தை முன்னே சுழற்றும்போது அச்சினைப் பின்னே திருப்பும் என்பது பாடத்தில் படித்ததே. எனினும் திருகுகளை இறுக்கினால் அமையும் என்றெண்ணினோம். மூன்றாம் நாள் மேட்டில் ஏறுகையில் அச்சு தன் பள்ளத்தில் புரண்டு, மின்கம்பியை முறுக்கி அறுத்தது. பின்னரே அச்சினைப் பற்றும் எஃகுத் தகடொன்றை முன் ஃபோர்க்கோடு பிணைத்தோம். அலுமினிய ஃபோர்க்காயிருப்பின் சக்கரமே கழன்றிருக்கும்.

இவை தனியொருவரின் நலம் மட்டும் பற்றியன அல்ல. 2025 பெப்ரவரி மாதம் இலண்டனில் ரேனர்ஸ் லேன் இரயில் நிலைய மேடையில் மின்சாரச் சைக்கிளொன்று தீப்பற்றி வெடித்தது. அவ்வாண்டு மார்ச் 31 முதல் அந்நகரப் போக்குவரத்து அமைப்பு மடங்காத மின்சாரச் சைக்கிள்களை இரயில்களில் தடைசெய்தது. மடக்கு வண்டிகளுக்கு மட்டும் விலக்களித்தது. அவை மாற்றியமைக்கப்பட்டிருத்தல் அரிது என்பதே அதற்குக் கூறிய காரணம். மேடையில் நிற்கும் காவலர் வண்டி மடங்குகின்றதா என்று காணலாமேயன்றி, பைக்குள் இருப்பது எவர் கட்டிய பாட்டரி என்று காண்டல் இயலாது. ஆதலின் நெடுந்தொலைவு செல்ல விழைவோர் வண்டி செய்தோரே விற்கும் இரண்டாம் பாட்டரியை வாங்கி, அதற்குரிய 42 வோல்ட் மின்னேற்றியாலேயே ஏற்றுக. ஏற்றுங்கால் அதனை வீட்டின் வாயிலை மறிக்குமிடத்து வையாது, விழித்திருக்கும் பொழுதிலேயே ஏற்றுக.