பெயரை மட்டும் விட்டுக்கொடுக்காதே

அன்புத் தம்பிக்கு,

நீயும் நண்பர்களும் எழுதிவரும் கற்பனைத் தீவுக்கூட்டத்தின் முதல் தொகுப்பைப் படித்தேன். உப்பு வணிகர்களின் குலப்பகை பிடித்தது. மந்திரவாதிகளின் வம்சாவளி கொஞ்சம் நீளம். அது இருக்கட்டும். யார் வேண்டுமானாலும் எடுத்து ஆடலாம், எழுதிச் சேர்க்கலாம், ஆனால் மட்டமானது உள்ளே வரக்கூடாது, அதற்கு எந்த உரிமம் சரி என்று கேட்டிருந்தாய். அப்படியோர் உரிமம் கிடையாது. எடுத்தாள அனுமதி தருவதோடு உரிமத்தின் வேலை முடிந்துவிடும்.

ஓர் உதாரணம். 2000-ல் விஸார்ட்ஸ் ஆஃப் தி கோஸ்ட் நிறுவனம், டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற பாத்திரமேற்று ஆடும் விளையாட்டின் மூன்றாம் பதிப்பின் அடிப்படை விதிகளை ஓப்பன் கேம் லைசென்ஸில் திறந்துவிட்டது. விதிகளைத் தந்தது அந்த உரிமம். ‘டி20’ சின்னத்தை அட்டையில் போட்டுக்கொள்ளத் தனி ஒப்பந்தம். இரண்டும் இலவசம். சின்னம் போடுவதற்கு முன் சரக்கு தேறுமா என்று பார்க்க ஆளில்லை. நூல்கள் குவிந்தன. நல்லதும் அரைவேக்காடும் ஒரே முத்திரையோடு கடையில் நின்றதில் முத்திரைக்கே மதிப்பு போயிற்று. 2003-ல் பாலுறவை மையமாக வைத்த ஒரு விதிநூல் அறிவிக்கப்பட்டதும், நிறுவனம் சின்ன ஒப்பந்தத்தில் கண்ணியம் பற்றிய நிபந்தனையைச் சேர்த்தது. நூல் நிற்கவில்லை. சின்னம் இல்லாமல், அதே திறந்த உரிமத்திலேயே வெளிவந்தது. எனக்கு இதில் குறையொன்றும் தெரியவில்லை. திறந்துவிட்ட பிறகு உள்ளடக்கத்தை மறிக்க முடியாது; ‘இது எங்கள் பொறுப்பில் வந்தது’ என்று சொல்லும் பெயரைத்தான் மறுக்க முடியும். அந்த நிறுவனம் பெயரை முதலிலேயே இறைத்துவிட்டு, பிறகு அள்ளப் பார்த்தது.

ஆகவே தீவுகளின் பெயரையும் இலச்சினையையும் டிரேட்மார்க்காகப் பதிந்து வை. யாரும் எடுத்துக்கொள்ளத்தக்க ஆயத்த உரிமங்களான கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்கள் டிரேட்மார்க்கைத் தருவதில்லை. கதையைக் கொடுத்தாலும் பெயர் உன்னிடமே இருக்கும்.

தரம் பார்ப்பது யார்? எஸ்சிபி ஃபவுண்டேஷனைப் பார். 2007-ல் ஒரு சிலையைப் பற்றிய குட்டித் திகில் கதையாகத் தொடங்கி, பலர் கைபட்டு வளர்ந்த உலகம் அது. 2012-ல் வந்த ‘கன்டெய்ன்மென்ட் பிரீச்’ விளையாட்டுக்கும் அதுவே மூலம். எஸ்சிபி தளத்தில் வாசகர்கள் ஓட்டுப் போடுவார்கள். மதிப்பெண் மைனஸ் 10-க்கு இறங்கினால் அந்தப் படைப்பை நீக்கலாம். நடுவர் குழுவைவிட இது எனக்குப் பிடிக்கும். ஆனால் ஓட்டு சலிப்பைத்தான் பிடிக்கும், முரணைப் பிடிக்காது. அதிகாரபூர்வக் கதை என்றே ஒன்று இல்லாத எஸ்சிபிக்கு முரண் பிரச்சினையில்லை. உன்னிடம் வரைபடம் இருக்கிறது. ஒருவர் துறைமுகத்தை எரித்துவிட்டால் அடுத்தவர் அங்கே கப்பலை நிறுத்த முடியாது. வரைபடம், ஆண்டுக்கணக்கு, யார் உயிரோடிருக்கிறார்கள் என்பதை மட்டும் இரண்டு மூன்று பேர் காவல் காக்கட்டும். மற்றதை ஓட்டுக்கு விடு.

‘வணிகத்துக்குக் கூடாது’ என்ற வகை உரிமத்தில் உனக்கு ஆசை இருப்பது தெரிகிறது. வேண்டாம். உன் தீவில் ஒரு சாகசம் எழுதி 50 ரூபாய்க்கு விற்க நினைப்பவரையும் அது விரட்டிவிடும். பெயர் குறிப்பிட்டு, அதே உரிமத்தில் பகிரச் சொல்லும் வகையே போதும். சொந்தமாக உரிமம் எழுத உட்காராதே. 2023 ஜனவரியில் அதே விஸார்ட்ஸ் பழைய உரிமத்தை மாற்றப் பார்த்ததும், அதில் ‘திரும்பப் பெற முடியாதது’ என்ற சொல் இல்லாததும் என்ன களேபரத்தைக் கிளப்பின! மாதக் கடைசியில் ஐந்தாம் பதிப்பின் அடிப்படை விதிகளைக் கிரியேட்டிவ் காமன்ஸில் விட்ட பிறகே அது ஓய்ந்தது.

எழுதுபவர்களிடம் உரிமையை எழுதி வாங்குவதானால் காலத்தையும் இடத்தையும் குறிப்பிடு. நம் பதிப்புரிமைச் சட்டப்படி காலம் சொல்லாத உரிமை மாற்றம் 5 ஆண்டுக்கே செல்லும். இடம் சொல்லாவிட்டால் இந்தியாவுக்குள் மட்டும்.

கடைசியாக, படங்கள். எஸ்சிபியின் அந்த முதல் கதையோடு ஒட்டியிருந்தது ஜப்பானியக் கலைஞர் இசுமி கட்டோவின் சிற்பத்தின் புகைப்படம். எழுத்துக்கு உரிமம் இருந்தது, படத்துக்கு இல்லை. வணிகமில்லாத பயன்பாட்டை மட்டும் அவர் பொறுத்துக்கொண்டார். அந்த உலகத்தின் முகமாகவே ஆகிவிட்ட படம், விற்கும் எதிலும் போட முடியாத படம். 2022-ல் அதை எடுத்தே விட்டார்கள். உன் தொகுப்பின் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கும் கலங்கரை விளக்கத்தை வரைந்தது யார்? அவரிடம் கேட்டு, எழுத்தில் வாங்கி, எனக்கும் ஒரு பிரதி அனுப்பு.

அன்புடன்,
உன் அண்ணன்