மரம் முறிக்க வந்த தம்பிகளுக்கு

1. பலம் சோதிக்கும் எந்திரத்தில் வைப்பதற்கு முன் கட்டையை நாலு பக்கமும் திருப்பிப் பாருங்கள். கணு, வெடிப்பு, பட்டையை ஒட்டிய வெள்ளை மரம், புழுத்துளை எல்லாவற்றையும் நோட்டில் வரைந்து வையுங்கள். முறிந்தபின் தேடிப் பயனில்லை.

2. இழை ஓட்டத்தில் கண் ஏமாறும். தேக்கில் தெரியும் வரி ஆண்டு வளையத்துடையது. இழை வேறு பக்கம் சாய்ந்திருக்கலாம். ஒரு சொட்டுப் பேனா மை விடுங்கள், அது இழையோடுதான் ஓடும். பத்து அங்குலத்துக்கு ஓர் அங்குலம் சாய்ந்தாலே வளைவு வலிமையில் கிட்டத்தட்ட ஐந்தில் ஒரு பங்கு போய்விடும். ஐந்துக்கு ஒன்று என்றால் பாதிக்குச் சற்று மேல்தான் மிஞ்சும்.

3. புதிதாக வருகிறவர்கள் அதிகம் இடறுவது ஈரக் கணக்கில். ஈரம் பார்க்கும் துண்டைக் கட்டையின் நுனியில் வெட்டாதீர்கள், நுனி முந்திக் காயும், உள்தள்ளி எடுங்கள். உடனே எடை போட்டு, 103 டிகிரி அடுப்பில் எடை மாறாமல் நிற்கும்வரை வையுங்கள். குறைந்த எடையைக் காய்ந்த எடையால் வகுக்க வேண்டும். 150 கிராம் 120 ஆனால் ஈரம் 20 சதவீதம் இல்லை, 25. பச்சை மரத்தில் நூறைத் தாண்டினாலும் கணக்குத் தப்பென்று நினைக்காதீர்கள். சுமார் 25, 30 சதவீதத்துக்குக் கீழே இறங்கிய பிறகுதான் காயக்காய மரத்துக்குப் பலம் கூடும். அதனால் ஒரு மரத்தை இன்னொன்றோடு ஒப்பிட, இரண்டையும் 12 சதவீதத்துக்குத் திருத்திக்கொள்ளுங்கள்.

4. பளுவை அவசரமாக ஏற்றினால் எண் கூடிக் காட்டும். மதியச் சாப்பாட்டு நேரம் நெருங்கும்போது இது அடிக்கடி நடக்கும்!

5. இந்தியத் தரநிலை 1708 கேட்பது 2 அல்லது 5 சென்டிமீட்டர் சதுரத்தில் கணுவில்லாத கட்டை. அதில் வரும் எண் அந்த மர இனத்தின் குணம். வீட்டு உத்திரத்துக்கு அதை அப்படியே எழுதிக் கொடுப்பவரை எனக்குப் பிடிக்காது. உத்திரத்தில் கணு இருக்கும், சாய்வு இருக்கும். எந்திரம் சில நிமிடங்களில் முறிக்கும் மரம், வருடக்கணக்கில் சுமந்தால் அதைவிட வெகு குறைந்த பளுவிலேயே விட்டுக்கொடுக்கும். இதையெல்லாம் கழித்துத்தான் தாங்குதிறன் சொல்ல வேண்டும். நட்டநடுவில் கீழ் விளிம்பில் பெரிய கணு இருந்தால் அந்த மரமே வேண்டாமென்று சொல்லுங்கள். வேறு வழியில்லை என்றால் கணு மேலே வரும்படி புரட்டிப் போடட்டும். கீழ் விளிம்புதான் இழுபடும்.

6. முறிந்த வாயைத் தடவிப் பாருங்கள். நல்ல மரம் நீளநீளச் சிராய் விட்டுக் கிழியும். முள்ளங்கி மாதிரி படக்கென்று குட்டையாக முறிந்தால் உளுப்பு தொடங்கியிருக்கலாம். எண் நன்றாக வந்திருந்தாலும் அதைக் குறித்து வையுங்கள். அறிக்கையில் கையெழுத்து ஆகும்வரை துண்டுகளை எண் எழுதிக் கட்டி வையுங்கள். விறகுக்குக் கேட்டு யாராவது வருவார்கள், கொடுக்காதீர்கள்.